காலில் நின்ற வீடுகள்

பத்து காஜாவிலிருந்து கோப்பேங் போகும் வழியில், ராயா ஆற்றோரம் ஒரு மேட்டில், கட்டி முடிக்கப்படாத மாளிகை ஒன்று நிற்கிறது. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கியது. அவருடைய ஊரின் பெயர் கெல்லஸ். அதையே தம் ரப்பர் தோட்டத்துக்கும் வைத்து, கிந்தா கெல்லஸ் ஆக்கினார். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து வந்தன. கட்டியவர்கள் சென்னை மாகாணத்திலிருந்து வந்த நம்மவர்கள். வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் விஷக்காய்ச்சல் பரவிப் பலரைக் கொண்டுபோனபோது, அவர்கள் கேட்டுக்கொண்டபடி அருகில் மாரியம்மன் கோயிலும் எழுந்தது. அந்தக் கோயில் கூரையில் கோட்டு போட்ட ஸ்மித்தின் சிலையை இன்றும் பார்க்கலாம்.

மாளிகைக்குப் போகிறவர்கள் மின்தூக்கிக்காக விட்ட இடத்தைப் பார்ப்பார்கள், மொட்டை மாடிக்கு ஏறுவார்கள். நான் போனபோது அதிக நேரம் நின்றது கீழே, மதுப்புட்டிகளை வைப்பதற்காகக் கட்டிய நிலவறையில். பேராக்கில் தரைக்குக் கீழே ஒரு வீட்டறை என்பது அபூர்வம். சுவரில் கை வைத்துப் பார்த்தேன், குளிர்ச்சியாக இருந்தது. அதை விட்டு வெளியே வந்து சரிவைக் கவனித்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஸ்மித் நிலவறையைத் தோண்டியது பள்ளத்தில் அல்ல, ஆறு கீழே ஓட, மேட்டின் மேல். வெள்ளத்துக்கு எதிரான முதல் பாதுகாப்பு சிமெண்டில் இல்லை, இடத்தேர்வில் இருக்கிறது.

ஸ்மித் 1926 டிசம்பரில் லிஸ்பன் நகரில் நிமோனியாவால் இறந்தார். மாளிகை அப்படியே நின்றுபோனது. அதே டிசம்பரில்தான் மலாயா அதுவரை கண்டிராத பெருவெள்ளம் வந்தது. பேராக் ஆறு கரைபுரண்டது. கிளந்தானில் அந்த வெள்ளத்துக்கு ‘சிவப்புத் தண்ணீர் வெள்ளம்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. தண்ணீர் ஏன் சிவந்தது என்ற கேள்வி இந்த அத்தியாயத்துக்கு முக்கியமானது. அந்தக் கேள்விக்குப் பின்னால் திரும்பி வருகிறேன்.

முதலில், நம் ஊரில் நிலவறைகள் ஏன் இல்லை? குளிர்நாடுகளில் மண்ணுக்குள் இருக்கும் ஈரம் குளிர்காலத்தில் உறைந்து உப்பும். அந்த உப்பலில் அஸ்திவாரம் தூக்கப்பட்டு வீடு விரியும். அதனால் உறைபனி எட்டாத ஆழம்வரை தோண்டி அஸ்திவாரம் போடுவார்கள். சில இடங்களில் ஆளுயரம் தோண்ட வேண்டியிருக்கும். அவ்வளவு தோண்டியபின் சுற்றிச் சுவர் எழுப்பினால் ஓர் அறை ஏறக்குறைய இலவசமாகக் கிடைத்துவிடும். வட அமெரிக்க வீடுகளில் நிலவறை சாதாரணமாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். நமக்கு உறைபனி இல்லை. நமக்கு இருப்பது மழை. ஈப்போவில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. சென்னையில் ஏறத்தாழ 1,400. அதனால் இங்கே வாழ்ந்தவர்கள் தரைக்குக் கீழே போகாமல் மேலே போனார்கள். மலாய்க் கம்பத்து வீடு தூண்களில் நின்றது. தோட்டத்துப் பழைய மரலயங்கள் பலவும் அப்படித்தான் நின்றன.

என் பாட்டியின் லயம் கால்களில் நின்ற வீடு. பேராக்கின் வடக்கே ஒரு தோட்டம். இப்போது அந்த இடத்தில் செம்பனை. நாலைந்து படி ஏறினால் அஞ்சடி, அதற்குப் பின்னால் ஓர் அறை, அதற்குப் பின்னால் அடுப்படி. வீட்டுக்கு அடியில் விறகு, கோழிக்கூடு, தாத்தாவின் பழைய சைக்கிள். எங்களுக்கு அதுதான் நிலவறை. தரைக்கு மேலே இருந்த நிலவறை. சாயங்கால மழை பிடித்தால் மேட்டிலிருந்து தண்ணீர் வரும். பலகை இடுக்கு வழியாகக் குனிந்து பார்த்தால், வீட்டுக்கு அடியில் செம்மண் தண்ணீர் ஓடுவது தெரியும். ஒரு மணிநேரத்தில் வடிந்துவிடும். பாட்டி கோழிகளை மட்டும் மேலே தூக்கி வைப்பார். வேறு எதையும் செய்ததாக எனக்கு நினைவில்லை.

லயத்து வாழ்க்கையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஓர் அறையில் எட்டுப் பேர் படுத்த இடம் அது. ஆனால் அந்த வீடு ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தது. தண்ணீர் போவதற்கு வழிவிட்டது.

பிறகு என்ன நடந்தது என்பது மலேசியத் தமிழர்களுக்குத் தெரிந்த கதை. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டுபோட்டார்கள். அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பல தோட்டங்கள் அப்படித் தப்பின, பல தப்பவில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. ஊரை ஒட்டிய இடங்களில் செம்பனையும் போய்த் தாமான்கள் வந்தன. தாமான் வீட்டுக்குக் கால்கள் இல்லை. மண்ணைச் சமன்செய்து, அதன்மேல் சிமெண்டுப் பலகையைக் கிடத்தி, அதன்மேல் சுவரை எழுப்புகிறார்கள். சரிவான நிலத்தில் பங்களா கட்டுகிறவர்கள் ஒரு மாடியை மேட்டுக்குள் குடைந்து, காருக்கோ விருந்தாளிக்கோ வேலைக்காரர்களுக்கோ விடுகிறார்கள். அடுக்குமாடிகளும் பேரங்காடிகளும் காரை பேஸ்மெண்டுக்கு அனுப்புகின்றன. ஆக, நம் முன்னோர் ஒதுங்கிப்போன இடத்துக்கு நாம் இறங்கிவிட்டோம்.

எவ்வளவு தண்ணீரைப் பற்றிப் பேசுகிறோம்? ஈப்போவில் பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல் வாக்கிலும், அக்டோபர், நவம்பரிலும் பகலெல்லாம் வெயில் காய்ந்து, மூன்று நான்கு மணிக்குக் கிளெடாங் மலைப்பக்கம் கறுத்து, ஒரே மணிநேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். அப்படி ஒரு மணிநேரத்தில் 60 மில்லிமீட்டர் பெய்கிறது என்று வையுங்கள். இருபதுக்கு எழுபது அடி மனையின் பரப்பு சுமார் 130 சதுர மீட்டர். அதன்மேல் மட்டும் விழுவது 7,800 லிட்டர். 200 லிட்டர் பீப்பாயில் பிடித்தால் 39 பீப்பாய். முன்பு இதில் ஒரு பகுதியை மண் குடித்தது, ஒரு பகுதியை இலை பிடித்துவைத்தது. இப்போது கூரையும் சிமெண்டு முற்றமும் ஏறக்குறைய முழுவதையும் சில நிமிடங்களில் லோங்காங்கில் தள்ளிவிடுகின்றன. நூறு வீட்டுத் தாமானிலிருந்து ஏறத்தாழ எட்டு லட்சம் லிட்டர் ஒரே நேரத்தில் ஒரே கால்வாய்க்கு வந்து சேர்கிறது.

இப்போது அந்தச் சிவப்புத் தண்ணீர்.

ரப்பரைப் பேராக்குக்குக் கொண்டுவந்து கோலகங்சாரில் நட்டது 1877ஆம் ஆண்டு வாக்கில். அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் மலைச்சரிவுகள் காடழிந்து பால்மரக் காடாயின. அந்தக் காலத்துத் துரைமார்களுக்கு ஒரு நம்பிக்கை: மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது, இருந்தால் அது மரத்தின் உணவைத் திருடும். புல்வெட்டு என்பது தோட்டத்தில் தனி வேலை. அதில் முதுகு ஒடிந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். மண் துடைத்துவைத்த களம்போல் இருக்க வேண்டும்.

மழைத்துளி என்ன செய்யும் என்று பார்ப்போம். இடிமழையின் பெரிய துளி ஐந்து மில்லிமீட்டர் குறுக்களவு இருக்கும். நொடிக்கு ஏறத்தாழ ஒன்பது மீட்டர் வேகத்தில் விழும். வெறும் மண்ணில் அது சின்னக் குண்டுபோல் விழுந்து, மண்துகள்களைக் கட்டவிழ்த்துத் தெறிக்கவிடும். மேலே மரம் இருக்கிறதே, அது தடுக்காதா என்று கேட்கலாம். தடுக்கும், ஆனால் துளி இலையில் தங்கி, மற்ற துளிகளோடு சேர்ந்து பருத்து, மறுபடி விழும். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி தன் முழு வேகத்தைப் பெரும்பாலும் திரும்பப் பெற்றுவிடும். ஆகவே உயரமான மரம் மட்டும் இருந்து தரையில் ஒன்றும் இல்லாவிட்டால், மண் கிட்டத்தட்ட வெட்டவெளியில் இருப்பதுபோல்தான் அடிபடும். மண்ணைக் காப்பது தலைக்கு மேலே உள்ள கிளையைவிடக் காலடியில் படர்ந்த கொடியும் சருகும்தான்.

மலைத்தோட்டங்களும் ஈயச்சுரங்கங்களும் சேர்ந்து ஆறுகளில் மண்ணை இறக்கின. வெள்ளத் தண்ணீரைச் சிவப்பாக்கியது கரைந்த மண்தான். ஆற்றின் படுகை உயர்ந்தது. படுகை உயர்ந்தால் அதே தண்ணீர் முன்பைவிட உயரத்தில் ஓடும். கரை மட்டும் அங்கேயே இருக்கும். இதன் எல்லை எது என்று பார்க்க விரும்புகிறவர்கள் சிலாங்கூரின் கோலகுபுவை நினைத்துப் பார்க்கலாம். ஈயமண் சேர்ந்து சேர்ந்து ஆறு ஊரைவிட உயர்ந்தது; வெள்ளம் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் ஊரையே கைவிட்டு, 1930களின் தொடக்கத்தில் கோலகுபு பாரு என்று மேட்டில் புது ஊர் அமைத்தார்கள். வடிகால், நீர்ப்பாசன இலாகா, அதாவது இன்றைய ஜேபிஎஸ், 1932இல் பிறந்ததும் இந்தக் காலத்தில்தான்.

தோட்டங்களும் பாடம் கற்றன. 1925இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. மரவரிசைகளுக்கு நடுவே நிலத்தை மூடும் பயற்றினக் கொடிகளை வளர்ப்பதும், சரிவுக்குக் குறுக்கே படி வெட்டி நடுவதும், படிகளில் அங்கங்கே நீளக் குழி தோண்டி மழைத்தண்ணீரைத் தேக்குவதும் வழக்கமாயின. அந்தக் குழிகளைத் தோண்டிய கைகள் யாருடையவை என்று சொல்லத் தேவையில்லை. ஓடிவரும் தண்ணீர் குழியில் விழுந்து நின்று, மண்ணைக் கீழே விட்டு, மெல்ல மண்ணுக்குள் இறங்கும். மிஞ்சினால் அடுத்த குழிக்குப் போகும். வெள்ளத்தடுப்பின் முழு அறிவியலும் அந்தக் குழிக்குள் இருக்கிறது என்பேன். தாமானுக்காகப் புல்டோசர் வந்த நாளில் முதலில் மூடப்பட்டவை அவைதான்.

இனி வீட்டுக்கு அடியில் இருக்கும் மண்ணுக்கு வருவோம். கிந்தாப் பள்ளத்தாக்கில் இது தனிக்கதை. ஈய லம்பத்தில் மண்ணைத் தண்ணீரோடு கரைத்துப் பாலோங் என்ற நீண்ட மரச்சாய்வில் ஓடவிடுவார்கள். கனமான ஈயமணல் தடுப்புகளில் தங்கும். மீதி கீழே வழியும். பருமணல் வாய்க்காலின் வாயிலேயே படியும். நுண்ணிய களிச்சேறு தொலைவுக்கு மிதந்துபோய்த் தேங்கி, பல நாள் கழித்து மெல்லப் படியும். இப்படிச் சலித்துப் பிரித்த மண்ணின்மேல்தான் பிற்காலத்தில் பல தாமான்கள் எழுந்தன. ஒரே வரிசையில் முதல் வீட்டுக்கு அடியில் மணல், கடைசி வீட்டுக்கு அடியில் களி என்று அமையலாம்.

தண்ணீருக்கு இந்த இரண்டும் இரண்டு உலகம். 1856இல் பிரான்சின் டிஜோன் நகரில், ஊருக்குக் குடிநீர்க்குழாய் போட்ட பொறியாளர் ஆன்ரி டார்சி, மணலைக் குழாயில் நிரப்பித் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஊடுருவுகிறது என்று அளந்தார். நிலத்தடி நீரின் ஓட்டத்தை இன்றும் அவர் கண்ட விதியை வைத்தே கணக்கிடுகிறோம். பருமணலில் தண்ணீர் ஒரு நாளில் சில மீட்டர் நகரக்கூடும். இறுகிய களியில் அதே தண்ணீர் ஒரு வருடத்தில் ஒரு விரல் நீளம்கூட நகராது. அதனால் மணல்மேல் இருக்கும் வீட்டில் நிலவறை தோண்டினால், பக்கத்து ஈயக்குட்டையின் நீர்மட்டம் உயரும்போதெல்லாம் தண்ணீர் மண்வழியாகவே நடந்து வந்து சுவரைத் தட்டும். களியின்மேல் இருந்தால், பெய்த மழை வடியாமல் சுவரைச் சுற்றியே நிற்கும். தோண்டுமுன் மண்ணைத் துளைபோட்டுப் பார்ப்பது செலவு என்று நினைக்கிறவர்கள் பிறகு பல மடங்கு செலவழிக்கிறார்கள். ஈப்போவில் இன்னொன்றும் உண்டு: சுண்ணாம்புப் பாறை. தம்பூனைச் சுற்றிக் குகைகளாக நாம் பார்ப்பது மண்ணுக்கு அடியிலும் இருக்கிறது. கடப்பாறை எங்கே வெற்றிடத்தைத் தொடும் என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

நிற்கும் தண்ணீருக்கு எடை உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஒரு மீட்டர் ஆழத்தில் அது ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஒரு டன் எடையோடு அழுத்துகிறது, கீழ்நோக்கி மட்டுமல்ல, பக்கவாட்டிலும் அதே அளவு. ஆழம் இரட்டித்தால் சுவர்மேல் விழும் மொத்தத் தள்ளல் நான்கு மடங்காகும். மூன்று மீட்டர் அகலச் சுவருக்கு வெளியே ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால் தள்ளல் ஒன்றரை டன். இரண்டு மீட்டர் நின்றால் ஆறு டன். ஈர மண்ணின் தள்ளல் இதற்கு மேல். தாமான் வீட்டின் ஒற்றைச் செங்கல் சுவர் இப்படிப்பட்ட தள்ளலைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டதல்ல. பக்கத்திலிருந்து தள்ளினால் நடுவில் விரிந்து விழுந்துவிடும். கம்பி போடாத சுவருக்கு வெளியே மூன்றடிக்கு மேல் தண்ணீரைத் தடுத்து நிறுத்தப் பார்க்கக் கூடாது என்று அமெரிக்க வெள்ளக் கையேடுகள் எச்சரிப்பது இதனால்தான்.

தரைக்கும் இதே கதி. 15 சென்டிமீட்டர் கனமுள்ள சிமெண்டுத் தரை சதுர மீட்டருக்கு 360 கிலோ எடை. அதற்கு அடியில் மண்ணில் உள்ள நீர்மட்டம், தரையின் அடிப்பாகத்தைவிட 36 சென்டிமீட்டர் உயர்ந்தால் போதும், தண்ணீரின் மேல்நோக்கிய தள்ளல் தரையின் எடைக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் உயர்ந்தால் தரை விரியும், அல்லது தூக்கப்படும். ஒரு முழம் தண்ணீர் ஒரு கான்கிரீட் தரையைத் தூக்கும் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். கப்பல் மிதப்பதும் இதே கணக்கில்தான்.

இங்கிருந்து வருகிறது, வெள்ளம் கண்ட யாரும் எதிர்பார்க்காத ஓர் அறிவுரை. நிலவறை நிறைந்துவிட்டது, மழை விட்டுவிட்டது, உடனே பெரிய பம்பைக் கொண்டுவந்து ஒரே மூச்சில் இறைத்துவிட வேண்டும் என்றுதான் கை துடிக்கும். செய்யாதீர்கள். வெளியே மண் இன்னும் ஊறிப்போய்ச் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்தத் தள்ளலை எதிர்த்து நிற்பது உள்ளே நிற்கும் அழுக்குத் தண்ணீர்தான். அதை எடுத்துவிட்டால் சுவர் தனியாக நிற்க வேண்டிவரும்; நல்ல வெயிலில், வெள்ளமே வடிந்த பிறகு, சுவர் உள்ளே சரியும். ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறைக்க வேண்டாம். இறைத்தபின் மட்டத்தைக் குறித்துவைத்து, மறுநாள் பாருங்கள். மட்டம் மறுபடி ஏறியிருந்தால் வெளித்தண்ணீர் இன்னும் உயரமாக இருக்கிறது என்று பொருள், காத்திருங்கள்.

புந்தோங்கைப்போல் ஆற்றுக்கு அருகில் தாழ்ந்திருக்கும் பகுதிகளில் மக்கள் சொல்லும் இன்னொரு அனுபவம்: “வாசல்ல மூட்டை அடுக்கினோம், ஒரு சொட்டு உள்ள வரல, ஆனா பாத்ரூம்ல இருந்து பொங்கி வந்துருச்சு.” இதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு குழாயால் இணைந்த இரண்டு பாத்திரங்களில் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வரும் என்று பள்ளியில் படித்தோம். உங்கள் குளியலறை வடிதுளை ஒரு பாத்திரம். வீட்டுக்குப் பின்னால் உள்ள கால்வாய் மற்றொன்று. அது சேரும் பாரி ஆறோ கிந்தா ஆறோ மூன்றாவது. ஆறு உயர்ந்தால் கால்வாய் உயரும். கால்வாய் உயர்ந்தால், அதைவிடத் தாழ்ந்திருக்கும் வடிதுளை ஊற்றாகும். நிலவறையின் வடிதுளைதான் வீட்டிலேயே தாழ்ந்தது, அதனால் அதுதான் முதலில் பொங்கும். மணல்மூட்டை இதற்கு உதவாது. வடிகுழாயில், ஒரே திசையில் மட்டும் தண்ணீரை விடும் வால்வைப் பொருத்த வேண்டும். வால்வுக்குள் முடியும் சோப்புக்கட்டியும் சிக்கினால் அது மூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறந்து கழுவ வேண்டும். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது என்பதையும் நினைவில் வையுங்கள். மழை நேரத்தில் மேல்மாடியில் துணி துவைத்தால் அந்தத் தண்ணீர் கீழேதான் வந்து நிற்கும்.

பம்பு வைப்பவர்கள் நிலவறையின் தாழ்ந்த மூலையில் குழி வெட்டி, மிதவையால் தானே ஓடத் தொடங்கும் பம்பை இறக்குகிறார்கள். நல்லதுதான். ஆனால் இடிமழையில் முதலில் போவது மின்சாரம். பாட்டரி இல்லாத பம்பு, தேவைப்படும் அந்த ஒரு மணிநேரத்தில் ஓடாது. அது தள்ளும் குழாய் கால்வாயின் வெள்ளமட்டத்துக்கு மேலே போய் வெளியேற வேண்டும்; இல்லாவிட்டால் ஊற்றிய தண்ணீர் சுற்றித் திரும்பி வரும். பம்பு எத்தனை லிட்டர் தள்ளும் என்று கேட்டு வாங்குங்கள். மேலே சொன்ன 7,800 லிட்டர் கணக்கை உங்கள் மனைக்குப் போட்டுப் பாருங்கள்.

இத்தனையும் தண்ணீரை வெளியே நிறுத்தும் வழிகள். எனக்கு அதிக நம்பிக்கை உள்ளது இன்னொரு வழியில். தாழ்ந்த இடத்தை வெறுமையாக விட்டு, தண்ணீர் வந்து போக அனுமதிப்பது. அமெரிக்காவின் வெள்ளக் காப்பீட்டு விதிகள், உயர்த்திக் கட்டிய வீட்டின் கீழ்ப்பகுதியைச் சுவரால் அடைத்தால் ஒரு சதுர அடித் தரைக்கு ஒரு சதுர அங்குலம் வீதம் அச்சுவரில் திறப்பு விட வேண்டும் என்கின்றன. தண்ணீர் உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டத்தில் நின்றால் சுவருக்குத் தள்ளல் இல்லை. இதை முதன்முதலில் படித்தபோது எனக்குப் பாட்டியின் லயம்தான் நினைவுக்கு வந்தது. அங்கே திறப்பே சுவராக இருந்தது. சரிவில் வீடு கட்டுகிறவர்கள் மண்ணைக் குடைந்து அறை எடுப்பதற்குப் பதில், தூண்மேல் வீட்டை நிறுத்திக் கீழே காரை விடலாம். காரை ஓட்டிக்கொண்டு மேட்டுக்குப் போய்விட முடியும். மண்ணுக்குள் இருக்கும் அறையை எங்கும் கொண்டுபோக முடியாது.

ஊர் அளவிலும் இதே சிந்தனை திரும்பி வந்திருக்கிறது. தண்ணீரை எவ்வளவு வேகமாக வெளியேற்றலாம் என்று கணக்கிட்ட பழைய முறையை மாற்றி, ஜேபிஎஸ் 2001 முதல் நகர மழைநீருக்கான புதிய கையேட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2012இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. விழுந்த இடத்திலேயே தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல விடு என்பதே அதன் சாரம். தாமான் ஓரத்தில் நாம் பார்க்கும் தேக்கக் குளங்கள் அதனால் வந்தவை. பால்மரப் படியில் நம்மவர்கள் வெட்டிய குழிக்கும் அந்தக் குளத்துக்கும் வேலை ஒன்றே. கிந்தாவின் கைவிடப்பட்ட ஈயக்குட்டைகளையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். பத்து காஜாவுக்கு அருகில் குட்டைகள் பறவைகளின் இடமாகக் கிந்தா இயற்கைப் பூங்கா ஆகியிருக்கின்றன. அவை வெள்ளத்தையும் வாங்கி வைக்கின்றன. ஒரு குட்டையை மூடி வீடு கட்டும்போது, அது பிடித்துவைத்த தண்ணீர் எந்த வீட்டுக்குப் போகும் என்று கேட்கும் உரிமை அதற்குக் கீழே குடியிருக்கும் எல்லாருக்கும் உண்டு. நகராண்மைக் கூட்டங்களில் அதைக் கேளுங்கள்.

கடைசியாக உயிரைப் பற்றி. 2024 ஜூலை 27 அன்று டெல்லியின் பழைய ராஜிந்தர் நகரில், பயிற்சி நிலையம் ஒன்றின் நிலவறை நூலகத்தில் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அவர்கள் படித்துக்கொண்டிருந்த இளைஞர்கள். நோயாளிகள் அல்லர், முதியவர்கள் அல்லர். நியூயார்க்கில் 2021 செப்டம்பரிலும், சியோலில் 2022 ஆகஸ்டிலும் நிலவறைக் குடியிருப்புகளில் இப்படி நடந்தது. மூன்று அடி அகலக் கதவுக்கு வெளியே அரை மீட்டர் தண்ணீர் நின்றால் கதவின்மேல் 110 கிலோ தள்ளல். ஒரு மீட்டர் நின்றால் 450 கிலோ. உள்ளிருந்து வெளியே திறக்கும் கதவு என்றால், அந்த நிமிடத்துக்குப் பிறகு அதை ஒருவர் திறக்க முடியாது. படிக்கட்டு வழியாக வரும் தண்ணீர் கணுக்காலிலிருந்து இடுப்புக்கு உயர நிமிடங்களே போதும். இதற்கிடையில் சுவரில் தாழ்வாக உள்ள மின்செருகிகள் நனைந்திருக்கும். பொருளைக் காப்பாற்ற யாரும் கீழே இறங்க வேண்டாம். மெயின் சுவிட்ச் மேல்மாடியில் இருக்கட்டும், கீழே இருந்தால் இந்த மாதமே மாற்றுங்கள். வெள்ளம் வடிந்தபின் வெறுங்காலோடு சேற்றில் இறங்காதீர்கள். எலிச்சிறுநீர்க் காய்ச்சல் கால்வெடிப்பு வழியாகவும் ஏறும்.

வால்வும் பம்பும் கம்பிச் சுவரும் எல்லாம் வைத்திருந்தாலும் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தரைக்குக் கீழே உள்ள அறையில் இரவில் யாரையும் படுக்கவைக்காதீர்கள். பிள்ளைகளையும் வேண்டாம், விருந்தாளிகளையும் வேண்டாம், வீட்டு வேலைக்கு வந்த பெண்ணையும் வேண்டாம்.